பொறுமைசாலி ஆஸியா பீவி

எங்கள் தெருவில் யாரிடமாவது ஆஸியா பீவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதுவா? பொறுமைசாலி" என்பார்கள். சொல்லும்போது கண்ணை வேறு பாதி மூடிக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியைப் பொறுமைசாலி என்று ஊர் கூடிச் சொன்னால், அவள் தலையில் இன்னும் எதையோ ஏற்றப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆஸியா லாத்தா தலையில் முப்பத்து நாலு வருஷம் ஏற்றினார்கள். அவரும் குனிந்து குனிந்து கொடுத்தார்.

நான் லாத்தாவுக்கு, அதாவது ஆஸியா அக்காவுக்கு, பக்கத்து வீடு. பெயர் ஜஸீலா. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எனக்கு வாய் அதிகம் என்று தெருவில் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அந்த வாய்தான் இந்தக் கதையில் என்னென்ன செய்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

லாத்தாவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை முகம்மது இப்ராஹிம், குவைத்தில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். அந்த நாற்பது நாளில் முப்பது நாள் விருந்தாளிகளுக்குச் சமைத்தே போய்விடும். அவர் திரும்பிப் போனதும் மாமியாரைப் பார்க்க வேண்டும். அந்த அம்மா ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். அதன் பிறகு இப்ராஹிமின் அக்கா பல்கீஸ் நாச்சியாவுக்குக் கண் ஆபரேஷன். அதன் பிறகு இப்ராஹிமே இரண்டு சிறுநீரகமும் கெட்டு ஊர் வந்து சேர்ந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் லாத்தா பழம் தின்று கொட்டை போட்டவர். எந்த வரிசையில் நின்றால் சீட்டு சீக்கிரம் கிடைக்கும், எந்த நர்ஸ் ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள், எந்த டாக்டரிடம் காலையில் கேட்கலாம், எவரிடம் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. அவர் அலமாரியில் ஆஸ்பத்திரி ஃபைல்கள் ஒரு முழ உயரத்துக்கு இருக்கும். அத்தனையும் அடுத்தவர் பெயரில். ஆஸியா பீவி என்று பெயர் எழுதியது ஒன்றே ஒன்றுதான், மகன் அஜ்மீரைப் பெற்றபோது போட்டது. அஜ்மீருக்கு இப்போது முப்பது வயது.

அக்டோபர் மாதம் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூத்து நடக்கும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். ரோஸ் நிறத்தில் பலூன், ரோஸ் நிறத்தில் ரிப்பன், கேக்குக்கும் ரோஸ் நிறம். போன தடவை வந்த சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் ஒரு தடவைகூட மார்பு என்ற சொல் வரவில்லை. "பெண்களைத் தாக்கும் அந்தக் கொடிய நோய்" என்றே ஓட்டிவிட்டார். மாரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு மாணவி படம் வரைந்து வைத்திருந்தாள். "ஆம்பள வாத்தியாருங்க வர்ற எடம்டி" என்று சொல்லி அதைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தார்கள். படம் இல்லாத விழிப்புணர்வு, பேர் இல்லாத நோய். நான் பின் வரிசையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துவிட்டு, எனக்கும் குத்திய ரிப்பனோடு வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நான் செய்த பெரிய காரியம் அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற மழையில், இப்ராஹிம் மௌத்தாகிவிட்டார். லாத்தா இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, அநாவசியமாக வெளியே போகக் கூடாது. மார்க்கத்தில் உள்ளது அவ்வளவுதான். அதன் மேல் எங்கள் தெரு கட்டிய மாடி இருக்கிறதே, அதற்குக் கணக்கே இல்லை. ஜன்னலுக்குத் திரை, திரைக்கு மேல் போர்வை, அதற்கு மேல் பல்கீஸ் நாச்சியா. தம்பி பெண்டாட்டியின் இத்தாவைக் காவல் காக்கவென்றே அந்த மாமி தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போயிருந்தேன். மாமி உள்ளே குறட்டை. மருமகள் சுஹைனா நிறைமாதத்துக்குக் கிட்டத்தில், அவளும் படுத்திருந்தாள். லாத்தா வெள்ளைத் துப்பட்டியோடு உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துத் துப்பட்டிக்குள் கொண்டுபோய் இடது மாரின் மேல் வைத்தார்.

கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒன்று. கல் மாதிரி இருந்தது. தள்ளினால் நகரவில்லை.

"எத்தினி நாளா லாத்தா இது?"

"இருக்குது கொஞ்ச நாளா. அவுஹ நோவு பெருசா இருந்திச்சு, இத யாரு பாத்தா?"

"வலிக்குதா?"

"வலியே இல்ல ஜஸீலா. அதான் ஒண்ணுமில்லன்னு உட்டுட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வலி இல்லன்னா ஒண்ணுமில்லன்னு எந்தக் கழுத சொன்னிச்சு உங்கள்ட்ட? வலிக்காத கட்டியத்தான் மொதல்ல காட்டணும். நாப்பது வயசுக்கு மேல மாருல கட்டின்னா வலிச்சாலும் காட்டணும், வலிக்காட்டியும் காட்டணும். இது தெரியாதா?"

லாத்தா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துப்பட்டியைச் சரி பண்ணிக்கொண்டார்.

"இத்தா முடியட்டும்" என்றார்.

அன்றைக்கே நான் மாமியை எழுப்பிச் சண்டைக்கு நின்றேன். மாமி முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பால் கட்டியா இருக்கும்" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் பால் கட்டி! விளக்கெண்ணெய் தடவி வெற்றிலையை வாட்டிப் போட்டால் கரைந்துவிடுமாம். இத்தாவில் இருக்கும் பெண்ணை ஆஸ்பத்திரியில் ஆம்பிளை டாக்டர் தொட்டுப் பார்த்தால் ஊர் என்ன பேசுமாம்.

"ஊரு என்னா மாமி பேசும்? ஊருக்கா கட்டி?"

"நீ பள்ளிக்கூடத்துல பாடம் நடத்து. வூட்டுக்குள்ள நடத்தாத."

அன்று மாலை அஜ்மீரை ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு எல்லா டாக்டரும் சின்ன டாக்டர். "இங்க லோக்கல்ல காட்ட வேணாம்மா. பெருநாளைக்கு நான் வந்துடுவேன், இத்தாவும் முடிஞ்சிரும். மெட்ராஸுல பெரிய டாக்டர்ட்ட காட்டுவோம். அதுவரைக்கும் பொறுமையா இரும்மா." வந்துவிட்டது பார்த்தீர்களா அந்தச் சொல்! மாமி பக்கத்திலிருந்து, "அவளுக்குப் பொறுமையச் சொல்லியா குடுக்கணும்?" என்றார். கட்டி மட்டும் பெருநாளைக்குக் காத்திருக்கும் என்று எந்தப் பெரிய டாக்டர் இவர்களிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்த வாரம்தான் இன்வெர்ட்டர் கெட்டுப்போனது. எலெக்ட்ரீஷியன் வந்தான், லாத்தாவின் அறைக்குள்ளேயே ஏணி போட்டு ஏறி ஒரு மணி நேரம் வேலை பார்த்தான். லாத்தாவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள், விஷயம் தீர்ந்தது. மாமிக்கு ஃபேன் ஓடாமல் தூக்கம் வராது. அது நிர்ப்பந்தம். கட்டி நிர்ப்பந்தம் இல்லை.

நான் என்ன செய்தேன்? கோபித்துக்கொண்டேன். "இனிமே இந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து, சொன்னபடியே மூன்று வாரம் ஏறாமல் இருந்தேன். என் மானம் அவ்வளவு பெரியது. பக்கத்து வீட்டில் ஒருத்தி மாரில் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே பத்தாம் வகுப்புக்கு செல் பிரிதல் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நாலாகும் என்று பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டேன். வெட்கங்கெட்ட கை, கூசாமல் போட்டது.

பிப்ரவரியில் சுஹைனாவுக்கு வலி எடுத்தது. அவளுடைய உம்மா கீழே விழுந்து காலில் கட்டுப் போட்டுக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் கூட இருக்க யார்? பல்கீஸ் மாமிக்கு மூட்டு வலி, பெஞ்சில் உட்கார முடியாது. பார்த்தார்கள். பொறுமைசாலி இருக்கவே இருக்கிறாளே! வாசலில் காரைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினார்கள். லாத்தாவைத் துப்பட்டியில் சுற்றி உள்ளே ஏற்றினார்கள். மூன்று நாள் அந்தப் பிரசவ வார்டில் லாத்தா உட்கார்ந்திருந்தார். இத்தா முறியவில்லை. வானம் இடியவில்லை. ஊரும் ஒன்றும் பேசவில்லை.

குழந்தை பிறந்த மறுநாள் நான் மிளகு ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன். பிரசவ வார்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு அறை. கதவில் எழுதியிருந்தது: பெண்கள் மார்பகப் பரிசோதனை, காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. உள்ளே உட்கார்ந்திருந்ததும் ஒரு பெண் டாக்டர்தான். வாசலில் கூட்டமே இல்லை. லாத்தா பேரனை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கதவுக்கு நேர் எதிரே இருந்தார்.

"எந்திரிங்க லாத்தா. புள்ளய எங்கிட்டக் குடுங்க. அஞ்சு நிமிசம்."

"சும்மா இரு ஜஸீலா. பேறுகாலத்துக்கு வந்துட்டு நம்ம நோவப் பாத்துக்கிட்டு நின்னா பல்கீஸ் மதினி என்னா நெனைக்கும்? இதுக்குன்னே வந்தேன்னு சொல்லாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை. இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா? ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம்! அப்போது பார்த்து மாமி குழந்தையைப் பார்க்க நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் விடவில்லை.

"மாமி, இத்தாவுல வெளிய வரக்கூடாதுன்னீங்க. இப்ப மட்டும் எப்புடி வந்தாங்க?"

"பேறுகாலம்டி. நிர்ப்பந்தம். இதுக்கு அனுமதி இருக்கு."

"யாரு குடுத்த அனுமதி?"

"நாந்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வாரமாக மார்க்கம், மார்க்கம் என்று எல்லோரும் வாய் கிழியப் பேசினோம். மார்க்கம் படித்த ஒருவரிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. மாமி கேட்கவில்லை. அஜ்மீர் கேட்கவில்லை. இவ்வளவு வாய் உள்ள நானும் கேட்கவில்லை. பல்கீஸ் நாச்சியாவையே சட்டப் புத்தகமாக வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் புரட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று அஸர் தொழுகை முடிந்ததும் என் வீட்டுக்காரர் ஆபித் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். ஹஜ்ரத் சாதுவான மனிதர், அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். லாத்தா வீட்டு வாசலில் நின்று உள்ளே கேட்கும்படி சொன்னார்.

"நோவுக்கு வைத்தியம் பாக்க இத்தாவுல தடையே இல்ல. மொத நாளே போயிருக்கலாம். பொம்பள டாக்டர் இருந்தா நல்லது, இல்லாட்டி ஆம்பள டாக்டர்ட்டயும் காட்டலாம். இத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? எத்தினி நாளாச்சு?"

மாமி அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "நானும் அதத்தான் ஹஜ்ரத் சொன்னேன், அவதான் கேக்கல."

மறுநாளுக்கு மறுநாள், சுஹைனாவும் குழந்தையும் வீடு வந்த பிறகு, நானும் லாத்தாவும் அந்த இரண்டு கதவு தள்ளியிருந்த அறைக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். பெயர் சிவப்ரியா. குரும்பகரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம் என்று பேச்சில் தெரிந்தது. திரையை இழுத்துவிட்டு லாத்தாவைப் படுக்க வைத்தார். மாரைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், அக்குளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். மேமோகிராம் எழுதினார். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"எப்பம்மா மொதல்ல கையில தட்டுப்பட்டிச்சு?"

"அக்டோபர் மாசம்."

"அஞ்சு மாசமாச்சே! அப்பவே ஏன் வரல?"

"வலிக்கலம்மா. வலிக்கலன்னா ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா அப்புடி?"

லாத்தா என்னைப் பார்த்தார். ஒரு கண் இமைக்கும் நேரம்தான் இருக்கும். பிறகு டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊருல சொல்லுவாங்க" என்றார்.

அக்டோபர். ரிப்பன் குத்திக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம். லாத்தா பின்கட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். "இது என்னா ஜஸீலா ரிப்பன்?" என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்துக் கூத்தை நடித்துக் காட்டி அவரைச் சிரிக்க வைத்தேன். பலூன், கேக், மார்பு என்று சொல்லக் கூசின விருந்தினர், ஒன்று விடவில்லை. லாத்தா சிரித்து முடித்துவிட்டு, இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அந்தக் கட்டி வலிக்குமா?" நான் என் சாமர்த்தியத்தில் மிதந்துகொண்டிருந்தேன். யாருக்காகக் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை. "வலிச்சாத்தான் லாத்தா பயப்படணும். வலிக்கலன்னா ஒண்ணுமில்ல, சும்மா கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ரிப்பனைக் கழற்றி இறால் தோல் மேல் எறிந்துவிட்டு வந்தேன்.

எந்தக் கழுதை சொன்னது என்று ஜனவரியில் கேட்டேனே. அந்தக் கழுதை நான்தான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். பல்கீஸ் மாமியின் வெற்றிலையாவது யாரையும் ஏமாற்றவில்லை. அறிவியல் டீச்சர் சொன்னாளே என்றுதான் அந்த மனுஷி நம்பி உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. டாக்டர் சிவப்ரியா ஒளிக்காமல் சொன்னார்: "அக்டோபர்லயே வந்திருந்தீங்கன்னா அநேகமா கட்டிய மட்டும் எடுத்துட்டு மார உட்டிருக்கலாம்மா. இப்ப முழுசா எடுக்கணும். எடுத்துட்டு மருந்தும் ஏத்தணும். ஆனா இன்னும் கை மீறல, நாம பாத்துடலாம்." லாத்தா தலையை ஆட்டினார். அங்கேயும் பொறுமைதான்.

புதுச்சேரியில் ஆபரேஷன். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு கூடவே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பல்கீஸ் மாமி பழத்தட்டோடு வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "எங்க ஆஸியா மாதிரி பொறுமைசாலி…" என்று ஆரம்பித்தார்.

"மதினி" என்றார் லாத்தா. குரல் பலவீனமாகத்தான் இருந்தது. "அத இனிமே சொல்லாதீங்க. வூட்டுக்குப் போயி, குளிக்கிறப்ப உங்க மாரத் தொட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும், அக்குள்லயும். ஏதாவது தட்டுப்பட்டா வலிக்குதா வலிக்கலயான்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க, மறுநாளே டாக்டர்ட்ட ஓடுங்க. ஒண்ணும் தட்டுப்படாட்டியும் வருசத்துக்கு ஒரு தடவ மேமோகிராம் எடுத்துப் பாருங்க. சுஹைனாவயும் தொட்டுப் பாத்துக்கச் சொல்லுங்க."

முப்பத்து நாலு வருஷத்தில் லாத்தா அந்த மாமிக்கு இட்ட முதல் உத்தரவு அது. மாமி ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ரிப்பன், இறால், கொழுப்புக் கட்டி, எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னேன். நான்தான் கெடுத்தேன் என்றேன். அழுதேன். "மூஞ்சிக்கு நேரா கழுதன்னு நானே கேட்டேனே லாத்தா, அப்பவே நீதான்டின்னு சொல்லியிருக்கலாமே. டாக்டர் கேட்டப்பவாவது என் பேரச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

லாத்தா என்னைப் பார்த்தார். கட்டுப் போட்ட இடது பக்கம் நோகாமல் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமி உரித்து வைத்துவிட்டுப் போன ஆரஞ்சில் ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீதான்னு சொல்லியிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு வூட்டுக்குள்ள போயிப் பூந்திருப்ப. படி ஏறாம மூணு வாரம் இருந்தவதானே நீ? என்னைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவ எனக்கு வேற யாருடி இருந்தா?"